பட்டாபிராமுக்குக் கொண்டுபோன எண்ணிக்கை

பினாங்கிலிருந்து சென்னைக்கு நான் கொண்டுவந்தவை ஒரு பெட்டி, ஒரு குடை, இரண்டு டின் பிஸ்கட், பதினைந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம். முதல் மூன்றையும் சுங்கத்தில் திறந்து பார்த்தார்கள்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. பினாங்கில் கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே என் வேலை எண்ணுவது. கடல் முள்ளெலியின் கருக்களை எண்ணினேன். கடலடிப் பாறைகளில் கறுப்புப் பந்து போல, உடம்பெல்லாம் ஊசியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பிராணிதான். அதன் முட்டையையும் விந்தையும் கண்ணாடிக் கிண்ணத்துக் கடல்நீரில் கலந்தால் அரை நாளுக்குள் கரு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நீந்தத் தொடங்கிவிடும்.

எங்கள் தலைவர் டாக்டர் ரூபி, நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி. அவருடைய கேள்வி இது: நீந்தத் தொடங்கும் வரையில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அந்தக் கரு எதையும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் உள்ளே ஓயாமல் புதிய புரதத்தைக் கட்டுகிறது, பழைய புரதத்தைக் கலைக்கிறது. மொத்த அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அப்படியானால் மணிக்கு எவ்வளவு கட்டுகிறது, எவ்வளவு கலைக்கிறது? ஒற்றைக் கருவை அளக்க முடியாது. ஒரு குழாய் நீரில் இருக்கும் எல்லாக் கருக்களின் புரதத்தையும் சேர்த்து அளந்து, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வகுக்கும் எண் என்னுடையது. ஐந்து ஆண்டுகள் அந்த எண்ணைக் கொடுத்தேன்.

அதில்தான் கோளாறு. உறைக்குள் இருக்கும்போது கரு அசையாது, எண்ணுவது சுலபம். வெளியே வந்துவிட்டால் நீந்தும். எண்ணும் கண்ணாடித் தட்டில் கோடு போட்ட ஒரு கட்டத்தில் எண்ணியது அடுத்த கட்டத்துக்குப் போய் மறுபடி எண்ணப்படும். அதனால் எண்ணுவதற்கு முன் ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டு அவற்றை நிறுத்த வேண்டும். நிறுத்துவது என்பது கொல்வது. எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த மகள் தங்கியபோது, வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் என் கையால் ஓர் உயிரும் போகாது என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். அந்த நாள்களில் கொசுவைக்கூட அடிப்பதில்லை. ஃபார்மலினும் விடவில்லை. நீந்துவதை நீந்தவிட்டே எண்ணினேன். அந்த நாள்களின் எண் எல்லாம் கூடுதல் என்பது அப்போதே எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

டாக்டர் ஓய்வு பெற்று, தம்பி கட்டிக்கொடுத்த வீட்டில் பட்டாபிராமில் தனியாக இருக்கிறார். டிசம்பரில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் பாடநூல் எழுதி முடித்துவிட்டாராம். “பழைய கட்டுரைகளில் போடாத ஒரு பட்டியலை இதில் சேர்க்கிறேன், ஒரு கருவில் எவ்வளவு புரதம் என்று. உங்கள் எண்ணிக்கையை நம்பித்தான்.” ஜனவரி கடைசிச் சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறதாம்.

பதில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன். பிறகு புறப்பட்டுவிட்டேன். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம்.

புதன்கிழமை காலை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். பட்டாபிராம் வண்டி எது என்று கேட்டேன், ஒருவர் கை காட்டினார். எங்கள் ஊரில் படகில் கடல் தாண்டும்போது ஏறுகிறவர்களை எண்ணுவேன், நடுவில் யாரும் இறங்க முடியாது என்பதால் கணக்கு நேராக இருக்கும். இங்கே அப்படி இல்லை. வில்லிவாக்கம் தாண்டியபோது என் பெட்டியில் நாற்பத்தொரு பேர். அம்பத்தூரில் பன்னிரண்டு பேர் டிபன் பாக்ஸோடு இறங்கித் தொழிற்பேட்டை பக்கம் ஓடினார்கள், பன்னிரண்டு பேர் ஏறினார்கள். ஆவடியில் ஒன்பது பேர் இறங்கி எட்டுப் பேர் ஏறினார்கள். முகங்கள் மாறின, கூட்டம் அப்படியே இருந்தது. நடுவே ஒரு வேர்க்கடலைக்காரர் முன்னும் பின்னும் நடந்து என் கணக்கை இரண்டு முறை கெடுத்தார்.

எதிரே இருந்த இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ரப்பர் தோட்டத்து அண்டை வீட்டாரிடம் கற்ற தெலுங்கு கொஞ்சம் புரியும். “அந்தக் கிழவர் நம்மைப் பார்த்து உதட்டை அசைக்கிறார், மந்திரமோ?” என்றார் ஒருவர். “டிக்கெட் பரிசோதகராக இருந்தவராயிருக்கும், பழக்கம் விடவில்லை” என்றார் மற்றவர்.

கடைசி நிலையத்தில் ஏழு பேர் இறங்கினோம். சுற்றிலும் வேலியும் மரங்களும். பெயர்ப் பலகையில் பட்டாபிராமுக்குப் பின்னால் மிலிட்டரி சைடிங் என்று இருந்தது. நடைமேடை பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கடிதத்து முகவரியைக் காட்டினேன்.

“இன்னா பெர்சு, நீ போவ வேண்டியது மெயின் லைனு டேசனு. இது பட்டாளத்து டேசனு.”

“ரெண்டுக்கும் பட்டாபிராம்னே பேர் வைத்தால் எப்படி?”

“பேரு வெச்சவன நான் பாத்தேனா? ஏற சொல்ல கேட்டுகினு ஏறணும். போ, அந்தாண்ட நேரா நட. வெயில் வந்தா கொடையப் பிரிச்சிக்க, அதுக்குத்தான எட்தாந்த?”

குடையை விரித்து நடந்தேன். மூவாயிரத்து அறுநூறு அடி வரை எண்ணினேன், அதற்குமேல் ஒரு லாரி புழுதியடித்து எண்ணிக்கை விட்டுப்போனது. வழியெல்லாம் பாதி கட்டிய வீடுகள், செங்கல் குவியல், மளிகையும் சைக்கிள் பழுதும் ஒரே கூரையில் நடக்கும் கடைகள். டாக்டர் வீட்டு வாசலில் வேப்பங்கன்று ஒன்று கம்பி வலைக்குள் இருந்தது.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். “என்ன வேலாயுதம், இங்க மழை எப்பவோ முடிஞ்சுதே” என்றார். அவருக்கு எழுபத்திரண்டு. முடி முழுக்க வெள்ளை. குரல் மட்டும் ஆய்வுக்கூடத்துக் குரல்.

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா தட்டில் இட்லி வைத்தாள். பினாங்கில் இட்லி கேட்டால் கல்லைப் போல ஒன்று வரும், இதை விரலால் தொட்டதும் பிளந்தது. ஆறு சாப்பிட்டேன். “இன்னாம்மா, உங்க கெஸ்ட்டு வாய்க்குள்ள எண்றாரு, நான் ஏழாவது வெச்சா கோச்சுக்குவாரா?” என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று விஷயத்தைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். முதல் முறை பால்காரர் மணியடித்தார். இரண்டாம் முறை மின்சாரம் போனது. மூன்றாம் முறை ஒன்றுமே நடக்கவில்லை, நானே மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, பாடநூலின் தட்டச்சுக் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். “எண்ணெல்லாம் ஒரு தடவை பாத்துக்கொடுங்க. இதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் கிடையாது.”

கன்னியம்மா உள்ளே மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கம் பக்கமாகப் போய் அந்தப் பட்டியலுக்கு வந்தேன். கருவின் வயது மணிக்கணக்கில் ஒரு பத்தி. கருவுக்கு இவ்வளவு புரதம் என்று ஒரு பத்தி. பட்டியலின் அடியில் சிறியதாக ஒரு வரி:

‘வெள்ளிக்கிழமைகளில் எடுத்த அளவுகள் சேர்க்கப்படவில்லை.’

நான்கு முறை படித்தேன். பிறகு கேட்டேன்: “டாக்டர், இது எப்போதிலிருந்து தெரியும்?”

“இரண்டாவது வருஷம்.” அவர் தலை நிமிரவில்லை. “வெளிய வந்த கருவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் புரதம் குறையுது. உறைக்குள்ள இருக்கிறதுக்குக் குறையலை. அது சாப்பிடுற பிராணியா இருந்தா வெள்ளிக்கிழமை விரதம்னு நினைச்சிருப்பேன். அதுதான் எல்லா நாளும் பட்டினியாச்சே. அப்ப விரதம் இருக்கிறது வேற யாரோ. ஆய்வுக்கூடத்துல வெள்ளிக்கிழமை விபூதி வச்சிட்டு வர்றது ஒரே ஒரு ஆள்.”

மூன்றாம் ஆண்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை கொடுத்தார்கள். எண்ணுவதற்குச் சீனப் பையன் ஒருவனை உட்காரவைத்தார்கள். என்னைத் தாழ்த்திவிட்டார் என்று ஓய்வு பெறும் நாள்வரை மனத்தில் வைத்திருந்தேன். அதை இப்போது அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரே சொன்னார்: “விரதத்தை விடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கழுவுற வேலையில ஒண்ணும் சாகாதே.”

“பழைய கட்டுரைகள்? அதில் என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் இருக்குமே.”

“அதுல நான் போட்டது மணிக்கு எத்தனை பங்கு புதுசாகுதுங்கறது மட்டும். நேத்து ரயில்ல வந்தீங்களே, ஆவடியில எத்தனை பேர் இறங்கினாங்க?”

“ஒன்பது. பெட்டியில் நாற்பத்தொரு பேர்.”

“சரி. எண்ணும்போது ஒவ்வொருத்தரையும் ரெண்டு தடவை எண்ணியிருந்தா? பதினெட்டு, எண்பத்திரண்டு. இறங்கின பங்கு மாறுமா?”

மாறாது. மேலேயும் கீழேயும் ஒரே தவறு இருந்தால் வகுக்கும்போது அடிபட்டுப்போகும். பதினைந்து ஆண்டுகள் நான் சுமந்தது அந்தக் கட்டுரைகளில் எங்கேயும் இல்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் தோன்றியது: என் எண் தவறாக இருந்தாலும் பரவாயில்லை என்றால், சரியாக இருந்ததும் தேவைப்படவில்லையா? அதை அப்படியே கேட்டுவிட்டேன்.

டாக்டர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். “திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் நீங்க எண்ணினது ஒரு கோடு போட்ட மாதிரி இருந்துது. அதனாலதான் வெள்ளிக்கிழமை கண்ணுல பட்டுது. மத்தவங்க எண்ணினதுல எந்த நாளும் வெள்ளிக்கிழமை மாதிரிதான் இருக்கும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மகிழ்ச்சியாக ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த அடி வரியில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

“இன்னும் இருக்கு டாக்டர். கிருத்திகை.”

“அது எந்தக் கிழமை?”

“கிழமை இல்லை. நட்சத்திரம். இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை வரும், சில சமயம் இருபத்தெட்டு. எந்தக் கிழமையிலும் விழும். ஐந்து வருஷமும் அந்த நாளில் ஃபார்மலின் விடவில்லை.”

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு வரைபடச் சுருளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். புள்ளிகளின் கோடு ஒன்று. கோட்டுக்குக் கீழே தனியாக விழுந்து கிடந்த புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். பதினொன்று.

“அஞ்சு வருஷத்துல நீந்துற கருவை அளந்த நாள்ல பதினோரு நாள் இப்படி. இதுக்காக ஒரு வருஷம் முழுக்கக் கடல்தண்ணியில உப்பை அளந்தேன். வெயிலைக் குறிச்சேன். அலையைக் குறிச்சேன். புது முள்ளெலி பிடிக்க மீனவங்களை வேற பாறைக்கு அனுப்பினேன்.” சுருளின் ஓரத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வேலாயுதம்.”

சாப்பிடும்போது மீனில் முள் மட்டும் பதினேழு எடுத்துவைத்தேன்.

கை கழுவியபின் டாக்டர் சொன்னார்: “காரணம் இருந்தாத்தான் ஒரு புள்ளியைத் தூக்க முடியும். எனக்குப் பிடிக்கலைன்னு தூக்க முடியாது. நீங்க சொல்றதை நான் நம்புறேன், ஆனா அது போதாது. இந்தப் பதினோரு நாளும் கிருத்திகைதான்னு காட்டுங்க. சனிக்கிழமை கட்டு போகணும்.”

சென்ற கிருத்திகையிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன். இருபத்தேழா இருபத்தெட்டா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் வந்து, ஆறேழு ஆண்டு தாண்டுவதற்குள் நாள் எங்கோ வழுக்கிப்போனது. கோயில் குருக்களிடம் அந்த ஆண்டுகளின் பஞ்சாங்கம் இல்லை. பழைய பஞ்சாங்கத்தை யார் வைத்திருப்பார்கள் என்று அவர் என்னையே கேட்டார்.

பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். “பழைய கிருத்திகை தேதியா சாமி? எங்க மாமனாரு மாசம் தவறாம திருத்தணி போறவரு. டிக்கெட்டு அத்தினியும் கம்பில கோத்து வெச்சிகீறாரு. நசரத்பேட்டைல சின்னவன் ஊட்டாண்ட கீறாரு. நாளைக்கி இட்டுகினு போறேன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு மாலைவரை திட உணவு இல்லை. ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி போய், அங்கிருந்து பெங்களூர் சாலையில் போகும் இன்னொரு பேருந்தில் ஏறினோம். கன்னியம்மா முன் வாசலில் ஏறினாள், பின் வாசலில் என்னைக் கூட்டம் ஏற்றியது. ஆண்கள் பின்னால், பெண்கள் முன்னால் என்ற இந்த ஏற்பாடு எங்கள் ஊர்ப் பேருந்தில் கிடையாது. அதன் பலன் நசரத்பேட்டையில் தெரிந்தது. கன்னியம்மா இறங்கிவிட்டாள். நான் இறங்குவதற்குள் வண்டி எடுத்துவிட்டது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்றேன்.

“ஸ்டாப்பிங் வர சொல்ல தூங்கிகினு இருந்தியா பெர்சு?” என்றார் நடத்துனர்.

“தூங்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.”

“இன்னாத்த?”

“ஆள்களை.”

“அது என் வேல. உன்ன எண்ணிட்டேன், எறங்கு.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். சாலையில் லாரிகள் நெருங்கி உரசிக்கொண்டு போயின. எதிரே கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். “தொலஞ்சி பூட்டீங்கன்னு அம்மாவாண்ட இன்னா பதிலு சொல்றதுன்னு பேஜாரா பூடுச்சி சாமி!”

அவளுடைய மாமனார் முனுசாமி, மகனுடைய லாரி டயர்க் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயது என்னைவிட மூன்றோ நான்கோ கூட இருக்கும். வெகுகாலம் வயல்கூலியாக இருந்து, வயல்கள் வீட்டுமனையானதும் தொழிற்சாலைச் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனவர். நான் எதற்கு வந்தேன் என்று மருமகள் சொன்னதும், கட்டிலடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே கம்பிக் கம்பியாக ரயில் டிக்கெட்டுகள். தடித்த அட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் நாள் அழுத்திப் பதிந்திருந்தது.

“வெளியே வரும்போது டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டாமா?” என்றேன். எனக்கு அது கவலையாக இருந்தது.

“எடுக்காம ஒரு நாளும் போனதில்ல அண்ணாத்தே. குடுக்கத்தான் மாட்டேன். ரயில்வே கேட்டாண்ட வண்டி மெதுவா வரும், தாவிடுவேன். சாமிய பாத்துட்டு வந்த டிக்கெட்ட டேசன்காரன் கையில குடுத்தா அவன் குப்பையில போடுவான்.”

“ஒரு மாதமும் தவறியதில்லையா?”

“நீ கேக்குற அந்த அஞ்சு வருசத்துல மூணு தபா. ரெண்டு தபா சாவு. ஒரு தபா கால் ஒடஞ்சி குந்திகினு இருந்தேன்.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனுக்கு எதுக்குய்யா இந்த தேதி?”

முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். கடலில் ஒரு பிராணி. அதன் குஞ்சு மணலைவிடச் சின்னது. எண்ணுவதற்காகக் கொல்ல வேண்டியிருந்தது. வெள்ளியும் கிருத்திகையும் கொல்லவில்லை.

“மத்த நாள்ல கொன்னியா?”

“ஆமாம்.”

“எத்தினி?”

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஒவ்வொரு நாள் எண்ணும் நோட்டுகளில் என் கையெழுத்தில் இருக்கிறது. மொத்தத்தை நான் ஒரு முறையும் கூட்டிப் பார்த்ததில்லை. எதையும் கூட்டாமல் விடாதவன் அதை மட்டும் விட்டிருக்கிறேன்.

“கூட்டவில்லை” என்றேன்.

“கூட்டாத. உட்டுடு” என்றார் முனுசாமி. மகனைக் கூப்பிட்டு எனக்கு மோர் வரவழைத்தார். “எத்தினி சின்னதா இருந்தா இன்னா, நாளு பாத்து நிறுத்துன இல்ல. நான் கிருத்திகைக்கு மட்டும் குடிக்க மாட்டேன். மத்த நாளு கணக்க அவரு கேட்டா நானும்தான் இன்னா சொல்ல?”

டிக்கெட்டுகளை இரவலாகக் கொடுக்க மறுத்துவிட்டார். டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து அந்த ஐந்து ஆண்டுகளின் அறுபத்து நான்கு தேதிகளையும் எழுதிக்கொண்டேன். கன்னியம்மா ஒவ்வொரு அட்டையாகக் கம்பியில் நகர்த்திக் காட்டினாள்.

மாலையில் டாக்டர் சிவப்பு வட்டத்தின் தேதியைப் படிக்க, நான் என் தாளில் தேடினேன். முதலாவது இருந்தது. இரண்டாவது இருந்தது. நான்காவது வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எட்டு நாள்கள் அப்படியே பொருந்தின.

ஒன்பதாவது ஒரு நாள் தள்ளியிருந்தது. தாளை இரண்டு முறை பார்த்தேன். பிறகு நினைவு வந்தது: அந்தக் காலத்தில் எங்கள் கடிகாரம் உங்கள் கடிகாரத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால். இங்கே விடிவதற்குச் சற்று முன் நட்சத்திரம் பிறந்தால் அங்கே அதற்குள் விடிந்திருக்கும், கிருத்திகை மறுநாளுக்குப் போய்விடும். டாக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, “ஒப்புக்கொள்றேன். அதுக்குக் காரணம் இருக்கு” என்றார். பத்தாவதுக்கு டிக்கெட்டே இல்லை, முனுசாமி கால் ஒடிந்து உட்கார்ந்திருந்த மாதம். முந்தைய டிக்கெட்டிலிருந்து இருபத்தேழு எண்ணினோம், பொருந்தியது.

பதினொன்றாவது பொருந்தவில்லை. கிருத்திகைக்குப் பக்கத்திலேயே இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

“அன்னைக்கு என்ன?” என்றார் டாக்டர்.

யோசித்தேன். விரதம் இல்லை. உடம்பு சரியில்லாமல் போன நினைவும் இல்லை. “தெரியவில்லை. அன்றைக்குச் சும்மாவே தப்பாக எண்ணியிருக்கிறேன்.”

“சரி.”

“அதையும் எடுத்துவிடுங்கள் டாக்டர். பத்து போகிறது, பதினொன்றாகப் போகட்டும்.”

“காரணம்?”

“என் தப்பு. அது போதாதா?”

“போதாது. பத்துக்குக் காரணம் இருக்கு, அது போகும். இது இருக்கும். சராசரி ஒரு நூலளவு கீழ வரும், அவ்வளவுதான்.” பின்னிணைப்பின் நாள்வாரிப் பட்டியலில் அந்தப் பத்து நாளையும் கோடு போட்டு நீக்கிச் சராசரிகளைத் திருத்தினார். பிறகு தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, அடி வரியை அவரே மாற்றி அடித்தார்: ‘வெள்ளிக்கிழமைகளிலும் கிருத்திகை நாள்களிலும் எடுத்த அளவுகள் சேர்க்கப்படவில்லை.’

“அச்சகத்தில் சிரிப்பார்களே.”

“சிரிக்கட்டும். நான் ஒரு வருஷம் உப்பை அளந்தது எனக்குத்தானே தெரியும்.” அப்போதுதான் அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. கன்னியம்மா எனக்கு இட்லி எடுத்துவந்தாள். அன்று ஏழு.

சனிக்கிழமை காலை டாக்டர் கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கயிறு போட்டு என் கையில் கொடுத்தார். சென்ட்ரலுக்குப் போகிறவன், இறங்கியதும் அச்சகத்தில் கொடுத்துவிட வேண்டும். இந்த முறை கேட்டு, மெயின் லைன் நிலையத்தில்தான் ஏறினேன்.

கட்டு மடியில் இருந்தது. பின்னிணைப்பில், நாள்வாரியான பட்டியலில், அந்தச் செவ்வாய்க்கிழமை எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கம், கீழிருந்து நான்காவது. சட்டைப்பையில் பேனா இருந்தது. ஒரு கோடு போதும். டாக்டர் கயிற்றில் போட்டிருந்தது இரண்டே முடிச்சு, அதுவும் ஒரு பக்கம் இழுத்தால் அவிழும் முடிச்சு. என்னிடம் கொடுத்தபோது அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ஆவடியில் நிறையப் பேர் இறங்கினார்கள், நிறையப் பேர் ஏறினார்கள். மனத்தை மாற்றிக்கொள்ள எண்ணத் தொடங்கினேன். அம்பத்தூர் வருவதற்குள் ஐம்பத்தாறு. சரியாக இருக்கிறதா என்று மறுபடி எண்ணினேன், ஐம்பத்தைந்து. வேர்க்கடலைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு என் வரிசைக்கு வந்து நின்றார். வரும்போது பார்த்த அதே ஆள்தானா என்று தெரியவில்லை.

“கடல வேணுமா பெர்சு?”

“கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க முடியுமா?”

“இன்னாத்துக்கு?”

“எண்ண வேண்டும்.”

“நான் நின்னா யாவாரம் எப்டி நடக்கும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அவர் சொன்னது சரி. ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, ஒன்று தவறாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். சென்ட்ரலில் இறங்கி நேராக அச்சகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கட்டை வாங்கிக்கொண்டு, “எத்தனை பக்கம்?” என்று கேட்டார்.

“இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிப் பாருங்கள்” என்றேன். என் எதிரிலேயே அவர் கயிற்றை அவிழ்த்தார். அதுவரை இரண்டு முடிச்சும் டாக்டர் போட்டபடியே இருந்தன.